வலது கையிலிருந்த பிளாஸ்திரி

அத்தியாயம் 17

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்: "அருணகிரி ஊருக்கு உழைக்கிற மனிதர்தானே? அவரைப் பற்றி எழுதும்போது மட்டும் உங்கள் பேனாவில் ஏன் இவ்வளவு காட்டம்?"

அம்மா, எனக்கு அவர் மேல் காட்டம் ஒன்றும் கிடையாது. பதினாறு வாரமாக அவர் வீட்டிலேயே குடியிருந்ததில் ஆளை நன்றாகத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வாரத்தையும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம். கும்மிடிப்பூண்டி நேசக்கரம் சங்கம் என்பது தொழிற்பேட்டை முதலாளிகளும், வக்கீல், ஒப்பந்தக்காரர் என்று நாலைந்து பெரிய மனிதர்களும் சேர்ந்து நடத்தும் சேவைச் சங்கம். சட்டையில் ஒரு பித்தளை வில்லை குத்திக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் 'நேசர்' என்று அழைத்துக்கொள்வார்கள். அதில் மாதச் சம்பளக்காரர் ஒரே ஒருவர்தான். ராஜமாணிக்கத்தின் இரும்பு உருக்காலையில் சூப்பர்வைசராக இருக்கும் நம் அருணகிரி. ராஜமாணிக்கம் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். தலைவருக்கு எழுதப் படிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அருணகிரி செயலாளர் ஆனார்.

இந்தக் கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளியில் சங்கம் இலவசக் கண் முகாம் போட்டது. எண்பத்து நாலு பேருக்குப் புரை எடுத்தார்கள். அதில் ஒருத்தி செங்கம்மாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, பொன்னேரி சந்தையில் மீன் விற்கிறவள், வலது கண்ணில் புரை முற்றி வெளிச்சம் மட்டும் தெரிகிறவள். அருணகிரியின் கூடப் பிறந்த அக்கா.

அக்கா என்பது முகாமில் அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. சங்கத்துக்காரர்களின் உறவினர் யாரும் முகாமில் பயன்பெறக் கூடாது என்று ஒரு தீர்மானம் உண்டு. போன வருஷம் ஏழைகளுக்கென்று வந்த போர்வைகள் நேசர்களின் மாமியார் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்த தீர்மானம். முன்மொழிந்தவர் அருணகிரி.

"யாராவது கேட்டா எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிடுக்கா. அங்க என்னை சார்னு கூப்பிடு," என்று அவர் சொல்லிவைத்தார்.

அவளும் கூப்பிட்டாள். ஏழு நாளில் ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

இன்றைக்குக் கட்டுப் பிரிக்கிற நாள்.

பள்ளி மைதானத்தில் காலையிலேயே ஷாமியானா போட்டாகிவிட்டது. ஒலிபெருக்கி சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மாவட்டத் தலைவர் நேசர் தேசப்பன் வந்து ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிவிடுவார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். முகாம் தொடங்கிய அன்றைக்கும் அவரே வந்து ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துப் பெண்களைப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் சாலமோன் ஒவ்வொருவராகக் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்தார். அருணகிரியின் மனைவி ரத்னா பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கட்டுப் பிரித்த கிழவி ஒருத்தி ரத்னாவின் முகத்தைத் தடவிப் பார்த்து, "மூக்குத்தி போட்டுக்கினுகிறியா கண்ணு?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. அன்றைய கணக்கில் அது ஒன்றுதான் சந்தோஷ அழுகை.

அடுத்தது செங்கம்மாள்.

ரெண்டு கண்ணுக்கும் போட்டிருந்த கட்டை டாக்டர் பிரித்தார். பஞ்சை எடுத்ததும் அவர் கை நின்றது. இடது கண் வீங்கிச் சிவந்து, இமையோரம் சீழ் கட்டியிருந்தது. வலது கண்ணில் புரை வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

டாக்டர் கேஸ் அட்டையை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"வலது கண்ணுன்னு என் கையால எழுதியிருக்கேன். இடது கண்ணுக்கு மேல பிளாஸ்திரி ஒட்டினது யாரு?"

எந்தக் கண்ணுக்கு அறுவை என்று தெரிவதற்காக, அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிடுவது முகாம் வழக்கம். ஒரே நாளில் எண்பது பேரை மேஜையில் ஏற்றி இறக்கும்போது அட்டையைப் படிக்க நேரமிருக்காது, நெற்றியைத்தான் பார்ப்பார்கள். தப்புத்தான். பிற்பாடு டாக்டர் சாலமோனே அதைச் சொன்னார்.

"நான்தான் டாக்டர் ஒட்டுனேன்," என்றாள் ரத்னா.

"ஏம்மா, மாத்திப் பண்றாங்கன்னு உனக்குத் தெரியலையா? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று டாக்டர் செங்கம்மாளிடம் குதித்தார்.

"தெரில சார்," என்றாள் செங்கம்மாள்.

டாக்டர் எழுந்து வெளியே வந்து ரத்னாவிடம் தணிந்த குரலில் சொன்னார். கண்ணுக்குள் சீழ் வைத்துவிட்டது. உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணை எடுக்கும்படி ஆனாலும் ஆகலாம். வலது கண்ணை ஆறு மாசத்துக்குத் தொட முடியாது. அதுவரை அவள் குருடிதான். அதற்குப் பிறகும் எப்படியென்று சொல்வதற்கில்லை.

தன் இடது கண்ணை நம்பித்தான் அவள் இதுநாள்வரை மீன் பார்த்து எடுத்தாள், பஸ் பார்த்து ஏறினாள். அந்தக் கண்ணைத்தான் சேவை செய்து பிடுங்கிக்கொண்டோம்.

ரத்னா தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை. எப்படித் தப்பும்?

முதல் நாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது தலைவர் ராஜமாணிக்கம் முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா இது, அடிதடி கேஸ் மாதிரி உக்கார வச்சிக்கிற? போட்டோவுக்கு நல்லா இருக்குமா? எட்த்துட்டு விபூதி குங்குமம் வை." உடனே செயலாளர் உத்தரவு போட்டார். குழம்பிவிடக் கூடாது என்று யோசனை சொன்னவளே ரத்னாதான். வலது கண்ணுக்காரர்களுக்கு வலது புறங்கையில், இடது கண்ணுக்காரர்களுக்கு இடது புறங்கையில் பிளாஸ்திரியை ஒட்டிவைத்தாள். படம் எடுத்து முடிந்ததும் கையைப் பார்த்து அந்தந்தப் பக்கத்து நெற்றிக்கு மாற்றினாள். எண்பத்து மூன்று பேருக்குச் சரியாக இருந்த யோசனை அண்ணி செங்கம்மாளுக்கு மட்டும் எப்படித் தப்பிப் போகும்?

"இன்னாடி ஆச்சு?" என்று வந்தார் அருணகிரி. கழுத்து வரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை, வில்லை, கையில் வரவேற்புரைத் தாள்.

அவள் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு எங்கே தப்பியது என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மாவட்டத் தலைவரிடம் முதல் பொட்டலம் வாங்குகிற ஆளைத்தான் கிட்டத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள்; அந்த இடத்தில் அவர் நிறுத்தியது அக்காவைத்தான். அக்கா என்று சொல்ல முடியாத இடத்தில், முதல் ஆளாக நிறுத்துவதாவது செய்வோமே என்ற ஆசை. அந்த ஆசை நிஜம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியவர் கையிலிருந்து வாங்குவதென்றால் வலது கையில்தானே வாங்க வேண்டும்? செங்கம்மாள் வலது கையை நீட்டினாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கைல வெள்ளையா இன்னா சார் அது? படத்துல அதான் பளிச்சுனு தெரியும்," என்றார். அருணகிரி சட்டென்று அதைப் பிய்த்து அக்காவின் இடது கையில் ஒட்டிவிட்டார். ரத்னாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் மாலையைக் காணோம் என்று யாரோ கூப்பிட்டார்கள். மாலை கிடைத்தது. இது மறந்து போயிற்று.

இப்போது ரத்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைதாங்க. நான்தான் அவங்க கண்ண கெடுத்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு அண்ணிய பாப்பேன்?"

"சரி விடு," என்றார் அருணகிரி. "ஆயிரம் வேலைல கை தவறிடும். நீ வேணும்னா பண்ணே? நான் பாத்துக்கறேன்."

மனைவியை மன்னித்துவிட்டார். காஞ்சிபுரத்து அம்மா இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் அறையில் ராஜமாணிக்கம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பேஜாரு புட்ச்ச வேலையா பூட்ச்சேய்யா. பதினோரு மணிக்கு தேசப்பன் வர்றாரு, பேப்பர்காரன் வர்றான். இப்பப் போய் கண்ணு பூடுச்சு மூக்கு பூடுச்சுன்னா சங்கத்துப் பேரு இன்னாவறது?"

"பட்டணத்துக்கு அனுப்பணுங்க. இப்பவே."

"அனுப்பு. யார் வாணாம்னாங்க? நம்ப ஆலை வேனையே எடுத்துக்கோ. ஆனா எய்தி வாங்கிட்டு அனுப்பு." அவர் மேஜையைத் தட்டினார். "அந்தம்மாவே தெரியாம பிளாஸ்திரிய மாத்தி ஒட்டிக்கிச்சு. இதான் நடந்தது. ஒட்டினது உன் சம்சாரம்ன்றாரு டாக்டரு. அத்த எய்தினா உன் ஊட்டுப் பேருதான் கெடும். அந்தம்மாளுக்கு யாரும் இல்லன்னு ரிஜிஸ்டர்ல போட்டுக்குது. கேக்கறதுக்கு நாதி கிடையாது. இன்னா சொல்ற?"

'என் சம்சாரம் ஒட்டவில்லை, நான் ஒட்டினேன், அவள் நாதியில்லாதவள் இல்லை, என் அக்கா.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீன்கூடையோடு பஸ்ஸில் ஏற்றாத நாட்களில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு நடந்தே போய் விற்று அவரைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தவள் அவள். அருணகிரி வாயைத் திறந்தார். ஆனால் எதிரே இருந்தது சங்கத் தலைவர் மட்டும் இல்லை, ஆலை முதலாளியும் அவரேதான்.

"நீங்க சொன்னா சரிங்க," என்றார்.

எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதற்காகத்தானே செயலாளராக வைத்திருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் இப்போது செங்கம்மாள் மட்டும்தான் படுத்திருந்தாள். மற்றவர்களை ஷாமியானாவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவளுக்குத் திரும்பவும் கட்டுப் போட்டிருந்தது.

"யாரு, சாரா?" என்றாள் செருப்புச் சத்தத்தை வைத்து.

"நான்தான்க்கா."

"கூட யாரும் இல்லியா?"

"இல்ல."

"அதான் அக்கான்ற."

அருணகிரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "வலிக்குதா?"

"மண்டைக்குள்ள குத்துது. நாலு நாளா குத்துது. நர்ஸம்மா அப்படித்தான் இருக்கும்னாங்க."

"என்னாண்ட சொல்லக் கூடாதா?"

"சாராண்ட போயி எப்படி சொல்றது? நீ அந்தாண்ட ஓடிக்கினு இந்தாண்ட ஓடிக்கினு இருந்த."

அவர் தாளைப் பிரித்தார். மைப் பெட்டியைத் திறந்தார். "பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஒரு கைநாட்டு வேணும்க்கா."

"இன்னா எய்திக்குது? படி."

"அதான் சொன்னனே."

"படி தம்பி. காது நல்லாத்தான் கீது."

படித்தார். "செங்கம்மாளாகிய நான் எழுதிக்கொடுப்பது. நேசக்கரம் சங்கத்தின் முகாமில் எனக்கு அளித்த சிகிச்சையில் எனக்கு யாதொரு குறையும் இல்லை. மேல் சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன்." நடுவே இருந்த ரெண்டு வரியைத் தாண்டிவிட்டார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பிளாஸ்திரிய பத்தி ஒண்ணும் எய்தலியா? டாக்டரு காலைல அந்தக் குதி குதிச்சாரே."

வாசற்படியில் ரத்னா காபி டம்ளரோடு வந்து நின்றதை அருணகிரி பார்க்கவில்லை. அவர் முதுகு அந்தப் பக்கம் இருந்தது.

"எய்திக்குதுக்கா."

"இன்னான்னு? நீ மாத்தி ஒட்டுனேன்னா, நான் மாத்தி ஒட்டிக்கினேன்னா?"

வெளியே ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்திவிட்டு யாரோ "ஹலோ ஹலோ" என்று சரிபார்த்தார்கள்.

"நீன்னு," என்றார் அருணகிரி.

செங்கம்மாள் மெதுவாகப் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கி மேஜ மேல படுக்க வச்சி எடது கண்ணுல மருந்து உட்டாங்க. இந்தக் கண்ணு இல்லியே தாயின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பால நீ பிய்ச்சி மாத்தி ஒட்டுனது நெனப்பு வந்துச்சு. படிச்சவன், டாக்டராண்ட பேசிட்டுத்தான் மாத்திக்கிறான். இந்தக் கண்ணுக்குத்தான் மொதல்ல பாக்கணும் போலக்குது. நம்ப குறுக்க பேசி அவன் பேரு கெட வாணாம்னு கம்முனு இருந்துட்டேன்."

"அக்கா..."

"எங்க வைக்கணும்? கைய புட்ச்சி வை. எனக்குத் தெரியாது."

அவர் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். மீன் செதிள் கீறிக் கீறிக் காய்ப்பேறிய விரல், ரேகை சரியாக விழவில்லை. ரெண்டாம் தடவை அழுத்த வேண்டியிருந்தது.

ரத்னா உள்ளே வந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். அழுது வீங்கிய முகத்தில் இப்போது அழுகை இல்லை. காலையிலிருந்து தான் சுமந்த பாரம் தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வரவேண்டும். அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, குமட்டல். மன்னித்தாரே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று பெரிய மனது பண்ணி மன்னித்தாரே, அதை நினைத்து வந்த குமட்டல்.

"குடுங்க, மை காயல. நான் வச்சிருக்கேன்," என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அருணகிரி கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷமாகச் சாவி, சம்பளக் கவர், ரயில் பாஸ் எல்லாம் அவள் கையில்தான் கொடுத்துப் பழக்கம்.

ஆலை வேன் பள்ளி வாசலில் நின்றது. செங்கம்மாளைக் கைத்தாங்கலாக ஏற்றி நீட்டுப் பலகையில் உட்கார வைத்தார்கள். ஷாமியானாவில் கூட்டம் நிறைந்துவிட்டது. தேசப்பனின் கார் ரயில்வே கேட்டில் நிற்பதாகத் தகவல் வந்திருந்தது. ராஜமாணிக்கம் அவரை வரவேற்க வாசலுக்கு வந்து நின்றார். வேன் இன்னும் போகாததில் அவருக்கு எரிச்சல்.

டாக்டர் சாலமோன் சீட்டை நீட்டினார். "பெரிய ஆஸ்பத்திரியில கண்ணை எடுக்கணும்னா சொந்தக்காரங்க கையெழுத்து கேப்பாங்க. கூட யார் போறீங்க?"

அருணகிரி தன் வரவேற்புரைத் தாளைப் பார்த்தார்.

"அந்தம்மாளுக்குத்தான் யாரும் இல்லியே டாக்டர்," என்றார் ராஜமாணிக்கம். "ஆயா யாரையாவது ஏத்தி அனுப்புங்க, சீக்கிரம்."

"நான் போறேன்," என்று ரத்னா ஏறி உட்கார்ந்தாள். "நான் இவங்க தம்பி சம்சாரம். இவங்க எனக்கு அண்ணி."

ராஜமாணிக்கம் அவளைப் பார்த்தார். பிறகு அருணகிரியைப் பார்த்தார். "இன்னாய்யா செக்ரட்டரி? உன் சம்சாரம் இன்னா சொல்லுது?"

"அது வந்து சார்..." என்றார் அருணகிரி. வந்தது அவ்வளவுதான்.

ஒரு நிமிஷம் காத்திருந்தாள் செங்கம்மாள். கட்டுப் போட்ட முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சரியாக ஒரு நிமிஷம். பிறகு அவளே பேசினாள்.

"இல்லிங்க. அந்தம்மா பாவம் பாத்து சொல்றாங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான். இப்ப இல்ல."

"செத்துட்டானா?"

"ஆமாங்க."

"அடப் பாவமே. எப்ப?"

"ஏழு நாளாச்சுங்க."

ராஜமாணிக்கம் 'த்சு த்சு' என்று நாக்கைத் தட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் பார்க்கவில்லை. அவர் அருணகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்னா உள்ளிருந்து கையை நீட்டி வேன் கதவை இழுத்துச் சாத்தினாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

புழுதி அடங்குவதற்குள் தேசப்பனின் கார் வந்து நின்றது. மாலை, கைதட்டல், மேளம். ஒலிபெருக்கியில் செயலாளரை மேடைக்கு அழைத்தார்கள். எண்பத்து நாலு பேருக்குப் பார்வை கிடைத்தது என்று அவர் அறிக்கை படிக்க வேண்டும்.

"வாய்யா," என்று ராஜமாணிக்கம் அவர் தோளைத் தட்டினார். "ஆமா, அந்தக் கைநாட்டுப் பேப்பர் வாங்கிட்டே இல்ல? எங்க, குடு. என்னாண்ட இருக்கட்டும்."

அருணகிரி சட்டைப் பையைத் தொட்டார். பேனா இருந்தது, மைப் பெட்டி இருந்தது. அவர் கையெழுத்தில், அக்காவின் ரேகையோடு, அந்தத் தாள் மட்டும் இல்லை. நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். வேன் ரயில்வே கேட்டைத் தாண்டிப் பட்டணத்துப் பக்கம் திரும்பிவிட்டது.